கிளிநொச்சி வெயிலில் அனிமோனி பூக்குமா? எந்த வகையை வைப்பது?

வட்டக்கச்சி வளவு
நவம்பர் 3

எல்லோருக்கும் வணக்கம். நான் வட்டக்கச்சியில் இருந்து எழுதுகிறேன். பூக்கன்று வைப்பது எனக்குப் புதிதல்ல, செவ்வரத்தையில் ஆறு நிறம், நந்தியாவட்டை, பட்டிப்பூ, பத்துமணிப்பூ, இரண்டு ரோசா என்று முற்றம் நிறைய நிற்கின்றன. ஆனால் இப்போது கையில் இருப்பது நான் ஒருநாளும் நட்டுப் பார்த்திராத பூ, எங்கள் பக்கத்தில் யாரும் நட்டதாகவும் கேள்விப்படவில்லை.

அக்கா பிரான்சில் இருக்கிறார். ஆவணியில் பிள்ளைகளோடு வந்தபோது இரண்டு பைக்கற்று அனிமோனிக் கிழங்கு கொண்டுவந்து தந்தார். ஒன்றில் டி கான், கலப்பு நிறம் என்று போட்டிருக்கிறது, இருபது கிழங்கு. மற்றதில் பிளாண்டா, பதினைந்து. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான், வறுக்கும்போது கருகிப்போன கச்சான் கொட்டை போலக் கறுத்துச் சுருங்கி, கல்லு மாதிரிக் கிடக்கின்றன. எது மேல் பக்கம் எது கீழ்ப் பக்கம் என்றே பிடிபடவில்லை. பிஸ்கற் தகரத்துக்குள் போட்டுக் குசினித் தட்டில் வைத்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு மினக்கெடுகிறேன் என்றால், அம்மா ஒருமுறை அக்காவிடம் போய் பங்குனியில் இருந்து வைகாசி வரை நின்றவர். அங்கே பல்கணிச் சட்டியில் நீல நிறத்தில் இந்தப் பூ நின்றதாம். பின்னேரம் மூடிக்கொள்ளும், காலையில் வெயில் பட்டதும் திரும்ப விரியும், அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு போய் அது விரியும் வரை பார்த்துக்கொண்டு நிற்பாராம். அம்மா இந்த வருடம் மாசியில் தவறிவிட்டார். வருகிற மாசியில் ஆண்டுத் திவசம். படத்துக்கு முன்னால் அந்தப் பூவில் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார், எனக்கும் அதே ஆசைதான்.

எங்களுடையது செம்மண். கிணற்றுத் தண்ணீர், கேத்திலில் வெள்ளையாகப் படியும். முற்றத்தின் கிழக்குப் பக்கம் காலை வெயில் விழும், பத்து மணிக்குப் பிறகு மாமரத்து நிழல் வந்துவிடும். மாரி தொடங்கிவிட்டது, இப்போது நட்டால் அழுகுமா, மழை விட்ட பிறகு நட்டால் மாசிக்குள் பூக்குமா? பாத்தியில் வைப்பதா சட்டியில் வைப்பதா? அடுத்த முறை வரும்போது இலையுதிர் காலத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் உயரமான அனிமோனியும் கொண்டுவருகிறேன் என்கிறார் அக்கா, அது இங்கே சரிவருமா?


செட்டிகுளம் செம்மண்
நவம்பர் 3

அக்கா, நான் இதை இரண்டு முறை செய்து பார்த்தவன், அதனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். முதல் முறை பாத்தியில் வைத்தேன், பத்துக் கிழங்கு, ஐப்பசிக் கடைசியில். ஒன்றும் முளைக்கவில்லை. கார்த்திகையில் ஒருநாள் விரலால் கிளறிப் பார்த்தபோது கிழங்கு இருந்த இடத்தில் கறுப்புக் கூழ்தான் இருந்தது. அந்தக் கிழமை முழுக்க அடைமழை, பாத்தியில் தண்ணீர் தேங்கியே நின்றது.

இரண்டாவது முறை சட்டியில் வைத்தேன், அதுவும் நேரே சட்டியில் போடாமல் முதலில் பிறிட்ஜில் வேர் விடவைத்து. பத்தில் ஆறு முளைத்தது, இரண்டு பூத்தது. தண்டு நான்கு விரல் உயரம்தான், பைக்கற்றுப் படத்தில் உள்ளது போல் ஒரு முழம் இல்லை. ஆனால் பூ பூதான்.

இது எங்கள் வெயிலுக்குரிய செடியே அல்ல. அதற்கு இரவில் 5 முதல் 10 பாகை வரை குளிர் இருந்தால் நல்ல சந்தோசம், எங்கள் மார்கழி, தை இரவு 20 பாகை அளவில்தான் நிற்கும். மண் சூடாகிவிட்டால் கோடை வந்துவிட்டது என்று நினைத்து உறங்கப் போய்விடும். ஆகவே எங்களுக்குக் கிடைப்பது மார்கழி, தை, மாசி முற்பகுதி என்ற ஒரு சின்ன இடைவெளி மட்டும்தான், அதற்குள் முளைத்து வளர்ந்து பூத்து முடிய வேண்டும். சட்டியில் வைத்துப் பூக்க ஏறக்குறைய மூன்று மாதம் எடுக்கும். நீங்கள் மழை விடட்டும் என்று தை வரை காத்திருந்தால் பங்குனி வெயிலில்தான் மொட்டு வரும், வந்தாலும் கருகும். மாசியில் பூ வேண்டும் என்றால் நாளைக்கே தொடங்குங்கள்.

செய்யும் விதம் இதுதான். கிழங்கைச் சாதாரண தண்ணீரில் நாலைந்து மணி நேரம் ஊறப் போடுங்கள், இரவு முழுக்க விடவேண்டாம், எனக்கு அப்படி விட்ட இரண்டு மணக்கத் தொடங்கிவிட்டது. ஊறினால் இரண்டு மடங்கு பருத்து, தோல் இளகி வரும், அப்போதுதான் அதற்குள் உயிர் இருப்பதே கண்ணுக்குத் தெரியும். பிறகு தும்புத்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, ஏனென்றால் அதில் உப்பு இருக்கும், கையால் இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டு மட்டும் விழும் அளவு ஈரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் பரப்பி, கிழங்கைப் புதைத்து, மூடியில் நாலு ஓட்டை போட்டு, பிறிட்ஜில் மரக்கறி வைக்கும் தட்டில் வையுங்கள். ஐஸ் பெட்டிக்குள் அல்ல. நாலு நாளைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், பூஞ்சணம் பிடித்தது இருந்தால் அதை மட்டும் எடுத்து எறியுங்கள். இரண்டு கிழமையில் வெள்ளை நூல் போல் வேர் வரும். வந்தவற்றை மட்டும் சட்டிக்கு மாற்றுங்கள்.

மண் சட்டி நல்லது, பிளாஸ்ரிக் வேண்டாம். மண் சட்டி தண்ணீரை உறிஞ்சி வெளியே விடும், உள்ளே குளிர்ந்தபடி இருக்கும், மண்பானைத் தண்ணீர் மாதிரி. நான் பெரிய சட்டிக்குள் மணலை நிரப்பி அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி, மணலை எப்போதும் ஈரமாக வைத்திருந்தேன். உள்ளே உங்கள் செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு பங்கு. பச்சை எரு போட்டால் சூடேறி அவிந்துவிடும். ஆழம் 5 சென்ரிமீற்றர், ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி. கூர்ப்பான பக்கம் கீழே, தட்டையான பக்கம் மேலே. பிடிபடாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், முளை தானாக வழி கண்டுகொள்ளும்.

கார்த்திகை முடியும் வரை சட்டி மழை படாத தாழ்வாரத்தில் நிற்கட்டும், வெளிச்சம் மட்டும் வேண்டும். மழை குறைந்ததும் நீங்கள் சொன்ன அந்தக் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றலாம், பத்து மணி வரை வெயில் போதும். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், டி கான் வகையின் தாய்ச்செடி மத்தியதரைக் கடல் ஓரத்துச் சுண்ணக்கல் நிலத்திலும் வளர்வதுதான். உவர் என்றால்தான் பிரச்சினை.


மல்லாவி டு பாரிஸ்
நவம்பர் 4

தங்கச்சி, நான் பாரிசுக்கு வெளியே ஒரு சின்னத் தோட்டத்தில் இந்த மூன்று வகையும் வைத்திருக்கிறேன், ஊர் மல்லாவி, ஆகவே இரண்டு வெயிலும் தெரியும். செட்டிகுளத்துத் தம்பி சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. வகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அனிமோனி என்று ஒரே பெயரில் விற்றாலும் இவை மூன்றும் மூன்று விதமான வாழ்க்கை வாழ்பவை. டி கான் என்பது நோர்மண்டியில் உள்ள கான் நகரத்தின் பெயர், படவிழா நடக்கும் தெற்குக் கான் அல்ல. அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வளர்த்துத் தேர்ந்தெடுத்த வகை, ஒற்றை அடுக்கு இதழ், சிவப்பு, வெள்ளை, நீலம், ஊதா. பைக்கற்றில் சென் பிரிஜிட் என்று இருந்தால் அது இதன் அடுக்கு இதழ்க் கூட்டாளி. இரண்டுக்கும் ஆதி மத்தியதரைக் கடற்கரை. அங்கே மாரியில் மழை, கோடை சுட்டெரிக்கும், அதனால் மழையோடு முளைத்துக் கோடையில் கிழங்குக்குள் ஒடுங்கிவிடும். இந்தப் பழக்கம் எங்கள் வன்னியின் மாரி கோடைக்குக் கொஞ்சமாவது ஒத்துப்போகிறது, குளிர்தான் போதாது. அதனால் முயன்று பார்ப்பது என்றால் டி கான் ஒன்றுதான்.

பிளாண்டா சின்னது, ஒரு சாண் கூட வளராது, இங்கே இலை கொட்டிய மரத்தடியில் மாசி பங்குனியில் நிலத்தோடு நிலமாக விரிப்பு மாதிரிப் பூத்துக் கிடக்கும். அதற்கு உண்மையான குளிர்காலம் வேண்டும், பிறகும் கன நாளைக்குக் குளிர்ந்த மண் வேண்டும். பிறிட்ஜில் வைத்து ஏமாற்றலாம் என்று நினைத்தாலும் வெளியே எடுத்த பிறகு உங்கள் முற்றம் அதற்கு அடுப்பு. உங்களிடம் இருக்கும் பதினைந்தில் நேரத்தைச் செலவழிக்காமல் டி கானைக் கவனியுங்கள் என்பதுதான் என் சொல்.

அக்கா சொல்லும் அந்த உயரமானதை ஜப்பான் அனிமோனி என்பார்கள், ஆனால் அதன் ஊர் சீனா. ரொபேர்ட் பொர்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1840களில் சீனாவில் இருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பியது. வெள்ளையில் ஒனோரின் ஜோபெர் என்று ஒன்று இருக்கிறது, 1858இல் பிரான்சின் வெர்டன் நகரத்துத் தோட்டம் ஒன்றில் இளஞ்சிவப்புச் செடியில் ஒரு கிளை மட்டும் வெள்ளையாகப் பூக்க, அதைப் பிரித்து வளர்த்தார்களாம். என் வேலியோரம் அதுதான் நிற்கிறது, ஆவணிக் கடைசியில் இருந்து ஐப்பசி வரை, நெஞ்சளவு உயரத்தில், காற்றில் ஆடியபடி. அவ்வளவு வடிவு. ஆனால் அதற்குக் கிழங்கு கிடையாது, வேரும் மண்ணுமாகத்தான் கொண்டுவர வேண்டும், மண்ணோடு செடி கொண்டுவர இலங்கையில் விடவே மாட்டார்கள். அதுவும் போக எங்கள் சோழகக் காற்றில் ஒரு கிழமை கூடத் தாங்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். நடுகைக் கிழங்கு, விதை எதுவானாலும் வெளிநாட்டில் இருந்து கொண்டுவர முதலே அனுமதி எடுக்க வேண்டும், இங்கத்தைய தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எங்கள் ஆக்களுக்கு இது தெரிவதில்லை, பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். கிழங்கோடு ஒரு நோயோ பூச்சியோ வந்து இறங்கினால் அனுபவிப்பது அங்கே வெங்காயமும் மிளகாயும் செய்கிற சனம். அக்காவிடம் சொல்லிவிடுங்கள், இனிமேல் கேட்டு அனுமதி எடுத்துக்கொண்டு கொண்டுவரட்டும்.


ஒட்டுசுட்டான் வாத்தியார்
நவம்பர் 4

பிள்ளை, உங்கள் ஆசையைத் தடுக்க எழுதவில்லை. திவசத்துக்கு ஒரு பூ என்பது விளங்குகிறது, அதற்காக டி கானை வையுங்கள். ஆனால் முற்றத்தில் வருடாவருடம் நிற்க வேண்டிய பூ என்று பார்த்தால் வேறு ஒன்றைச் சொல்லுவேன்.

அனிமோனி என்ற பெயர் கிரேக்க மொழியில் காற்று என்ற சொல்லில் இருந்து வந்தது. காற்றுப்பூ. இதே காற்றின் பெயரோடு இன்னொரு பூ எங்கள் வீடுகளில் கேட்பாரற்று நிற்கிறது. வெங்காயத்தாள் மாதிரி இலை, கிணற்றடியிலும் படலையடியிலும் வரிசையாக நிற்கும், ஒரு நல்ல மழை பெய்து மூன்றாம் நாள் நான்காம் நாள் பார்த்தால் இளஞ்சிவப்பிலோ வெள்ளையிலோ ஒரே நேரத்தில் அத்தனையும் விரிந்து நிற்குமே, மழை லில்லி என்று நேசரிக்காரர் விற்பது. அதன் தாவரவியல் பெயர் செபிராந்தஸ், செபிரோஸ் என்றால் கிரேக்கர்களின் மேற்குக் காற்று. அதுவும் வந்தேறிதான், அமெரிக்கக் கண்டத்துப் பூ, ஆனால் எங்கள் மண் அதற்கு ஒத்துப்போய்விட்டது. கோடையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் இலை காய்ந்து படுத்துவிடும், சித்திரையில் ஒரு இடிமழை விழட்டும், எழும்பிவிடும். 2009இற்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்தான் மிச்சம், பற்றைக்குள் கிணற்றுக் கட்டைத் தேடிக்கொண்டு போனவன் முதலில் கண்டது என் தாயார் வைத்த அந்த வெள்ளை வரிசையைத்தான். கிணறு அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

இன்னொரு விசயம், அனிமோனி என்றால் வெளிநாட்டுப் பூ என்றுதான் எல்லோரும் நினைக்கிறீர்கள். இலங்கையிலேயே இயற்கையாக ஒரு அனிமோனி உண்டு, ரிவுலாரிஸ் என்ற இனம், இமயமலையிலும் தென்னிந்திய மலைகளிலும் வளர்வது, எங்கள் மத்திய மலைநாட்டின் உயரமான புல்வெளிகளிலும் இருக்கிறது. வெள்ளை இதழ், பின்பக்கம் நீலம் பூசினாற் போல, நடுவில் நீலக் கேசரங்கள். நான் நுவரெலியாவில் படிப்பித்த காலத்தில் ஒரு பனிக்காலைப் பொழுதில் ஓடைக்கரையில் கண்டேன், முழங்கால் ஈரமாகும் வரை குந்தியிருந்து பார்த்தேன். ஆனால் நுவரெலியா ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரம், இரணைமடு எங்கே அது எங்கே. அங்கிருந்து யாரும் கிளப்பிக்கொண்டு வந்து வைக்க நினைக்க வேண்டாம், இங்கே பிழைக்காது, அங்கேயும் ஒன்று குறைந்துவிடும்.

கிழங்குப்பூதான் வேண்டும் என்றால் கார்த்திகைப்பூ இருக்கவே இருக்கிறது. கலப்பை மாதிரி இரண்டாகக் கவைத்த கிழங்கு, நுனியில் உள்ள முளை முறிந்தால் அந்த வருடம் வராது, அதைப் பார்த்துக் கிளப்ப வேண்டும். மழை தொடங்க முளைத்து வேலியில் பற்றி ஏறிப் பூத்து, கோடையில் தானாக மறைந்துவிடும், அனிமோனி அங்கே செய்வதை இது இங்கே செய்கிறது.


கொக்கிளாய் கரை
நவம்பர் 5

ஒரே ஒரு விசயம் சொல்கிறேன், யாரும் சொல்லவில்லை. அனிமோனி இலை கொத்தமல்லி இலை மாதிரியே இருக்கும், அச்சொட்டாக. அந்தச் செடி முழுக்க நஞ்சு. பச்சையாகக் கடித்தால் வாய், தொண்டை எல்லாம் எரிந்து புண்ணாகும், சாறு பட்டால் சிலருக்குக் கையே தடிக்கும். குசினிக்குக் கிட்ட வைக்க வேண்டாம், யாரும் ரசத்துக்குக் கிள்ளிவிடப் போகிறார்கள். ஆடும் எட்டாத இடமாக இருக்கட்டும். வாத்தியார் சொன்ன கார்த்திகைப்பூ அதைவிட மோசம், அதன் கிழங்கு ஆளையே கொல்லும், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கவனம்.


வட்டக்கச்சி வளவு
நவம்பர் 6

எல்லோருக்கும் நன்றி. டி கான் இருபதையும் நேற்றுக் காலை ஊறப் போட்டுப் பின்னேரம் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். பிளாண்டாவைத் தொடவில்லை. கொக்கிளாய் அண்ணா சொன்னது நல்ல நேரத்தில் சொன்னது, நான் சட்டியைக் குசினி வாசலில்தான் வைக்க இருந்தேன், மாமி அங்கேதான் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கிள்ளுவார். இப்போது முன் விறாந்தைக்கு மாற்றிவிட்டேன், எல்லோரிடமும் சொல்லியும் வைத்தாயிற்று. அனுமதி விசயம் சத்தியமாக எனக்கும் அக்காவுக்கும் தெரியாது, அவரிடம் சொன்னேன், இனி இப்படிக் கொண்டுவர மாட்டேன் என்றார்.

வாத்தியார் ஐயா, உங்கள் கிணற்றடி வரிசையை வாசித்து முடித்து, டோர்ச்சை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகப் போய் எங்கள் படலையடியைப் பார்த்தேன். இல்லை. முந்தி இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது.


வட்டக்கச்சி வளவு
டிசம்பர் 27

நிலைமை சொல்கிறேன். இருபதில் ஐந்து பெட்டிக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துப் போனது, இரண்டு வேரே விடவில்லை, பதின்மூன்றை நவம்பர் 21 அன்று மூன்று சட்டிகளில் வைத்தேன். அதில் ஒன்பது இலை விட்டிருக்கிறது. முளை நேராக வராது போலிருக்கிறது, முதலில் கழுத்தை வளைத்துக்கொண்டு மண்ணை முதுகால் தள்ளி எழும்பியது, ஒரு நாள் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டு அடுத்த நாள் நிமிர்ந்து இலையை விரித்தது. வாடைக்காற்று அடித்த கிழமையில் விறாந்தையைச் சுற்றிக் கிடுகு கட்டி மறைத்தேன். செட்டிகுளத்துத் தம்பி, ஒரு சட்டியில் இலை நுனி மஞ்சளாகிறது, தண்ணீர் கூடிவிட்டதா?


செட்டிகுளம் செம்மண்
டிசம்பர் 27

ஓம் அக்கா, தண்ணீர்தான். விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், அந்த ஆழத்தில் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். சட்டியைச் சுற்றியுள்ள மணலை ஈரமாக வைத்தால் போதும். உரம் ஒன்றும் வேண்டாம், யூரியா போட்டால் இலைதான் தழைக்கும். ஒன்பது என்பது என் கணக்கைவிட நல்ல கணக்கு.


வட்டக்கச்சி வளவு
பெப்ரவரி 19

பூத்துவிட்டது! முந்தநாள் காலை. சிவப்பு. இலைக்கூட்டத்துக்கு நடுவில் இருந்து மயிர் அடர்ந்த ஒரு தண்டு வந்தது, அதன் நுனியில் மொட்டைச் சுற்றி இலை மாதிரியே கிழிந்த ஒரு பச்சைக் கழுத்துப்பட்டி, அதற்குள்தான் மொட்டு முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தது. விரிந்தால் உள்ளங்கையில் பாதி அகலம், நடுவில் கறுத்த நீலத்தில் ஒரு குமிழ், அதைச் சுற்றி அதே நிறத்தில் கேசரம், இதழின் அடியில் ஒரு வெள்ளை வளையம். அக்கா சொன்னது போலவே பின்னேரம் ஐந்து மணிக்கு மூடிக்கொண்டது.

மற்றதில் இரண்டு மொட்டு நிற்கிறது, ஒன்றின் ஓரத்தில் நீலம் தெரிகிறது. ஆனால் நாளுக்கு நாள் வெயில் ஏறுகிறது. திவசம் 25ஆம் திகதி, சிவப்பு அதுவரை நிற்குமா? நேற்று மத்தியானமே இதழ் நுனி சுருண்டது.


மல்லாவி டு பாரிஸ்
பெப்ரவரி 19

தங்கச்சி, செடியில் விட வேண்டாம், வெட்டுங்கள். அனிமோனி வெட்டுப்பூவாக நன்றாக நிற்கும், இங்கே பூக்கடையில் கட்டுக்கட்டாக விற்பது அதனால்தான். ஒருமுறை விரிந்து மூடிய பூவை விடியற்காலையில், மூடி இருக்கும்போது, தண்டின் அடியில் கூரான கத்தியால் வெட்ட வேண்டும், இழுக்கக் கூடாது, கிழங்கும் வந்துவிடும். ஒரு சின்னப் போத்தலில் இரண்டு விரல் தண்ணீர் விட்டு அதில் நிறுத்தி, பிறிட்ஜில் கதவுப் பக்கத்தில் வையுங்கள். தண்ணீரை ஒன்றைவிட்ட ஒருநாள் மாற்றுங்கள். ஒரு கிழமை தாராளமாக நிற்கும். நீலமும் அப்படித்தான், ஒருமுறை விரியட்டும், அன்றைக்கே மூடிய கையோடு வெட்டிவிடுங்கள்.


வட்டக்கச்சி வளவு
பெப்ரவரி 26

அக்கா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். சிவப்பை 20ஆம் திகதி விடிய வெட்டி வைத்தேன். நீல மொட்டு 23 காலையில் ஒரு மணி நேரம் போல விரிந்தது, இரண்டாம் நாளுக்கு விடப் பயமாக இருந்தது, பின்னேரம் மூடியதும் வெட்டிவிட்டேன். மூன்றாவது மொட்டு வெயிலில் காய்ந்தே போய்விட்டது.

நேற்று விடிய எடுத்து அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தபோது இரண்டும் மூடித்தான் இருந்தன, பிறிட்ஜ் குளிர் போத்தலில் வேர்த்துக்கொண்டிருந்தது. ஐயர் வந்து இருந்து பூசை தொடங்கும்போது யன்னல் வெயில் அதில் விழுந்தது, எனக்குப் பார்க்க நேரமில்லை, படையலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அக்கா வட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் முதலில் கண்டது, விரியுது, விரியுது என்று அங்கிருந்து கூப்பிட்டார்.

சட்டிகளில் இலை மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. தண்ணீரை நிறுத்திவிட்டேன். இலை முழுக்கக் காய்ந்ததும் கிழங்கை எடுத்துக் காய்ந்த மணலில் போட்டு வைப்பதா, அல்லது எங்கள் கோடையில் அதற்கும் பிழைக்க வழியில்லையா என்று தம்பி வந்து சொன்னால் நல்லது. ஒரு சட்டி இப்போதே வெறுமையாகிவிட்டது, அதில் பக்கத்து வீட்டு ஆச்சி தந்த மழை லில்லிக் கிழங்கு ஏழு வைத்திருக்கிறேன், வெள்ளை என்றார். சித்திரை மழைக்குப் பிறகு பிரித்துப் படலையடியில் வரிசையாக வைப்பேன்.


செட்டிகுளம் செம்மண்
பெப்ரவரி 26

அக்கா, வாசித்து முடிக்கக் கண் கலங்கிவிட்டது. கிழங்கை எடுத்து, நிழலில் ஒரு கிழமை உலரவிட்டு, காய்ந்த மணலோடு கடுதாசிப் பையில் போட்டு வீட்டில் ஆகக் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள், பிளாஸ்ரிக் பையில் கட்டினால் வேர்த்து அழுகும். எனக்கு ஆறில் இரண்டுதான் அடுத்த ஐப்பசி வரை இறுக்கமாக இருந்தது, மற்றவை நசுக்கினால் தூளாகின. அந்த இரண்டும் இலை விட்டது, பூக்கவில்லை. உங்களுடையதில் பூத்த இரண்டையும் தனியாகக் குறித்து வையுங்கள், ஐப்பசியில் ஊறப்போடும்போது இங்கே எழுதுங்கள்.